ஹேண்டில் முதல் செல்ஃப் வரை: இரண்டு பல்சக்கரங்கள் சேர்ந்த கதை



இந்த மாத சுவர் இதழில் அறிவியல் பக்கம் எனக்குக் கிடைத்திருக்கிறது. கார், பஸ், லாரியில் சாவி திருப்பினதும் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வருமே, அதைப் பற்றி எழுதப் போகிறேன். நாம் அதை ‘செல்ஃப்’ என்று சொல்கிறோம். “இதெல்லாம் பசங்க எழுத வேண்டிய கட்டுரை” என்று எங்கள் வகுப்பில் ஒருத்தர் சொன்னார். அவரும் கடைசி வரை நின்று படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கடைசியில் கேள்வி இருக்கிறது.

ஏன் இந்தத் தலைப்பு?

போன தை மாசம் எங்க அப்பாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. எங்க கழனிக் கிணற்றுக்கு இன்னும் கரண்ட் கனெக்‌ஷன் வரவில்லை. ஆயில் இன்ஜின்தான். வேர்க்கடலைக்குத் தண்ணி விட ஹேண்டில் போட்டுச் சுற்றினார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். கை ஓய்ந்துபோய், வேகம் வருவதற்கு முன்பே லிவரை விட்டுவிட்டார். இன்ஜின் ஒரு தரம் ‘டப்’ என்று பின்பக்கமாக உதைத்தது. ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழன்று கையை அடித்துவிட்டது. நான் சோறு கொண்டுபோய் வரப்பில் நின்றிருந்தேன். அப்பா கத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் அடுத்த கழனி மாமாவைக் கெஞ்சிக் கூப்பிட்டு வந்துதான் இன்ஜின் போட்டோம். அவருக்கு வேலை இருந்த நாளில் பயிர் காய்ந்தது. “லாரிக்கெல்லாம் சாவி திருப்பினா ஓடுதே, நம்ம இன்ஜினுக்கு ஏன் அப்படி இல்லை?” என்று கேட்டேன். அப்பா, “அதுக்கு மோட்டார் இருக்குது, பேட்டரி இருக்குது” என்றார். மோட்டார் இருந்தால் போதுமா? அதைக் கேட்டுக்கொண்டே போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. சாலையோரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் பழைய செல்ஃப் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். எங்கள் அறிவியல் டீச்சர் வரலாற்றைத் தேடிப் படித்துச் சொன்னார். இருவருக்கும் நன்றி.

ஹேண்டில் ஏன் அடிக்கிறது?

இன்ஜின் தானாகத் தொடங்காது. யாராவது முதலில் சுற்றிவிட வேண்டும். பிஸ்டன் மேலே போகும்போது காற்றை அழுத்துகிறது. பிஸ்டன் உச்சிக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்பே எரிதல் தொடங்கிவிடும். நல்ல வேகம் இருந்தால் பிஸ்டன் உச்சியைத் தாண்டிப் போய்விடும், எரிந்த வாயு அதைச் சரியான திசையில் தள்ளும். வேகம் போதவில்லை என்றால்? உச்சியைத் தாண்டுவதற்குள் வாயு அதைத் திருப்பித் தள்ளும். இன்ஜின் தலைகீழாகச் சுழலும். அதுதான் உதை.

இதில் இன்னொன்று கவனித்தேன். எங்க ஹேண்டிலின் முனையில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறது. அதன் ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் சாய்வாக இருக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கி நம் கையைவிட வேகமாகப் போனால், தண்டில் உள்ள முள் சாய்வில் வழுக்கி ஹேண்டிலை வெளியே தள்ளிவிடும். ஆனால் இன்ஜின் பின்பக்கம் உதைத்தால் நேர்ப்பக்கத்தில் மாட்டிக்கொண்டு, கையோடு சேர்த்துத் திருப்பிவிடும். அதாவது ஹேண்டில் ஒரு பக்கம் மட்டும் விடுவித்துக்கொள்ளும். மறுபக்கம் விடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நூறு வருடத்துக்கு முன்பு கார்களுக்கும் இதே ஹேண்டில்தான். அதனால் உடையும் ஒருவகை மணிக்கட்டு எலும்பு முறிவுக்கு மருத்துவத்தில் ‘ஷோஃபர் ஃபிராக்சர்’ என்றே பெயர். ஷோஃபர் என்றால் கார் ஓட்டுநர். அப்பாவின் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே டீச்சர் இதைச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேறு நாட்டில், வேறு காலத்தில், அதே கை அதே மாதிரி உடைந்திருக்கிறது!

கெட்டரிங் என்ற ஆசிரியர்

சார்லஸ் கெட்டரிங் 1876-ல் அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கொஞ்ச காலம் கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். கண் கோளாறால் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு, மறுபடி சேர்ந்து 1904-ல் பட்டம் பெற்றார். டேட்டன் நகரில் கடைகளுக்கான கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை. அங்கே கையால் இயக்கிய கல்லாப்பெட்டியை மின்சாரத்தால் இயங்க வைத்தார்.

அங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. நாள் முழுக்க ஓட வேண்டிய மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் சில நொடி மட்டும் பலம் காட்ட வேண்டிய மோட்டார் சின்னதாக இருக்கலாம். அளவுக்கு மீறி மின்சாரம் கொடுத்தாலும், சூடாகிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். நம் வீட்டில் நெல் மூட்டையை நாள் முழுக்கத் தூக்க முடியாதவர்கூட ஒரு தரம் தம் பிடித்துத் தூக்கிவிடுவார் அல்லவா? அது போல.

1909-ல் எட்வர்ட் டீட்ஸ் என்பவரோடு சேர்ந்து ‘டெல்கோ’ என்ற கம்பெனியைத் தொடங்கினார். காடிலாக் கார் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்ட், ஹேண்டில் இல்லாத கார் வேண்டும் என்று விரும்பினார். ஹேண்டில் உதைத்ததில் அடிபட்டு அவருடைய நண்பர் பைரன் கார்ட்டர் 1908-ல் இறந்ததுதான் காரணம் என்று சொல்வார்கள். 1911-ல் கெட்டரிங் ஒரு காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்கள் அதோடுதான் விற்பனைக்கு வந்தன.

மோட்டார் கிடைத்தது. கதை முடிந்ததா? இல்லை. இனிமேல்தான் எங்கள் தலைப்பு தொடங்குகிறது.

சின்னப் பல், பெரிய பல்

இன்ஜினின் பின்னால் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் இருக்கிறது. அதன் விளிம்பில் பல் வெட்டிய வளையம், ரிங் கியர். மோட்டாரின் தண்டில் சின்னப் பல்சக்கரம், பினியன். ஒரு கணக்குப் போடுவோம். பினியனில் 10 பல், ரிங் கியரில் 120 பல் என்று வைத்துக்கொள்வோம்.

120 ÷ 10 = 12

மோட்டார் 12 சுற்று சுற்றினால் இன்ஜின் 1 சுற்று சுற்றும். சின்ன மோட்டாரின் பலம் 12 மடங்கு ஆகிறது. இன்ஜினை நிமிடத்துக்கு 150 சுற்று சுற்ற மோட்டார் 1,800 சுற்று சுற்றினால் போதும். நல்ல ஏற்பாடு.

ஆனால் இன்ஜின் தானாக ஓடத் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. இன்ஜின் 1,000 சுற்று போனால், பல் கோத்தபடியே இருக்கும் மோட்டார் 12,000 சுற்று. இன்ஜின் 3,000 போனால் மோட்டார் 36,000! உள்ளே சுற்றியுள்ள செம்புக் கம்பிகள் பிய்ந்து வெளியே தெறித்துவிடும். பன்னிரண்டு பங்கு பலத்தைக் கொடுத்த அதே பற்கள் மோட்டாரையே கொன்றுவிடும்.

ஆகவே பினியன் எப்போதும் ரிங் கியரோடு கோத்திருக்கக் கூடாது. தேவைப்படும்போது சேர வேண்டும், வேலை முடிந்ததும் விலக வேண்டும். இதில் மூன்று சிக்கல்:

1. சேரும்போது பல் எதிரே இடைவெளி இருக்க வேண்டும். பல்லுக்கு நேராகப் பல் நின்றால் முட்டிக்கொள்ளும், உள்ளே போகாது.
2. ஒன்று வேகமாகச் சுழலும்போது இன்னொன்றை உள்ளே தள்ளினால் பல் உராய்ந்து தேயும், உடையும்.
3. இன்ஜின் ஓடத் தொடங்கிய அந்த நொடியிலேயே மோட்டாரை விடுவிக்க வேண்டும். மனிதர் கை அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது.

இந்த மூன்றுக்கும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு விடை கண்டுபிடித்தார்கள்.

முதல் விடை: மெல்லச் சுற்று, பிறகு சேர்

கெட்டரிங்கின் டெல்கோ அமைப்பில் பல்சக்கரத்தை நகர்த்திச் சேர்ப்பது ஓட்டுபவரின் வேலை. காலால் மிதியை அழுத்தினால் பல்சக்கரம் நகர்ந்து ஃப்ளைவீல் பல்லோடு சேரும். பல்லுக்குப் பல் முட்டுமே? அதற்கு அந்தக் காலத்து டெல்கோ இயந்திரங்களில் ஒரு உபாயம் செய்தார்கள். சேர்ப்பதற்கு முன்பு கொஞ்சமாக மின்சாரம் விட்டு மோட்டாரை மெதுவாகச் சுழல வைத்தார்கள். சக்கரம் மெல்லச் சுழன்றுகொண்டே இருந்தால் இடைவெளி தானாக எதிரே வரும், அப்போது உள்ளே நழுவிவிடும். சேர்ந்த பிறகுதான் முழு மின்சாரம்.

நாம் பாவாடை நாடாவைக் கோக்கும்போது ஊக்கை அப்படி இப்படி அசைத்து வழி தேடுகிறோம் அல்லவா? அதே யோசனைதான்.

மூன்றாவது சிக்கலுக்கு ‘ஒருவழி கிளட்ச்’ வைத்தார். இது நம் சைக்கிளிலேயே இருக்கிறது. பெடல் மிதித்தால் பின்சக்கரம் சுற்றும். பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரத்தால் பெடலைச் சுற்ற முடியாது. அதுதான் ஃப்ரீவீல். அதே மாதிரி மோட்டார் இன்ஜினைச் சுற்றலாம், இன்ஜின் மோட்டாரைச் சுற்ற முடியாது.

இரண்டாவது விடை: பெண்டிக்ஸ்

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். வின்சென்ட் பெண்டிக்ஸ் 1881-ல் இல்லினாய் மாநிலத்தில் மொலீன் ஊரில் பிறந்தவர். சொந்தமாகக் கார் செய்யும் தொழில் தொடங்கினார், அது நிலைக்கவில்லை. பிறகு ஸ்டார்ட்டர் பல்சக்கரத்தைப் பற்றி யோசித்தார். மிதி வேண்டாம், லிவர் வேண்டாம், யாரும் எதையும் தள்ள வேண்டாம். பினியன் தானே போய்ச் சேர்ந்து தானே திரும்பி வர வேண்டும்!

எப்படி? மோட்டார் தண்டின் மேல் திருகு மரை வெட்டினார். பினியனை அந்த மரையில் நட்டு மாதிரி தளர்வாக மாட்டினார். மோட்டார் சட்டென்று சுழலத் தொடங்கும்போது பினியன் உடனே சுழலாது. ஏன்? நாம் படித்த நிலைமம்தான். பஸ் திடீரென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோமே, அதே சோம்பேறித்தனம் பினியனுக்கும் உண்டு. தண்டு சுழல்கிறது, பினியன் சுழலவில்லை. அப்போது என்ன ஆகும்? மரை வழியே பினியன் முன்னால் நகர்ந்து ரிங் கியருக்குள் போய்விடும். மரையின் முடிவில் ஒரு தடை இருக்கிறது. அங்கே முட்டியதும் பினியன் தண்டோடு சேர்ந்து சுழன்று இன்ஜினைச் சுற்றும்.

இன்ஜின் ஓடத் தொடங்கினால் ரிங் கியர் பினியனைத் தண்டைவிட வேகமாகச் சுற்றுகிறது. இப்போது மரையில் எதிர்ப்பக்கம் நகர்ந்து பினியன் வெளியே வந்துவிடும். எந்த வேகம் மோட்டாரைக் கெடுக்குமோ அந்த வேகமே பினியனை வெளியேற்றிவிடுகிறது. திருடனையே காவலுக்கு வைத்த மாதிரி என்று அப்பா சிரித்தார்.

1914-ல் நியூயார்க் மாநிலம் எல்மைரா ஊரில் இருந்த எக்ளிப்ஸ் என்ற கம்பெனியோடு இதைச் செய்ய ஒப்பந்தம் போட்டார். அது சைக்கிள் பிரேக் செய்துகொண்டிருந்த கம்பெனி. 1914-ல் செவ்ரோலே கார் ஒன்றில் இது வந்தது. பிறகு எத்தனையோ கார்களில் வந்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் இன்றைக்கும் செல்ஃபில் உள்ள பினியன் பாகத்தை, அது வேறு வகையாக இருந்தாலும், ‘பெண்டிக்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்று ஒர்க்‌ஷாப் அண்ணனுக்கே நான்தான் சொன்னேன்!

செய்து பார்ப்போம்

தேவையானவை: நீளமான போல்ட் ஒன்று, அதில் தளர்வாக ஓடும் நட்டு ஒன்று, எண்ணெய் ஒரு சொட்டு, களிமண் கொஞ்சம்.

நட்டைச் சுற்றிக் களிமண்ணைச் சமமாக ஒட்டுங்கள். மரையில் எண்ணெய் விடுங்கள். நட்டை நடுவில் நிறுத்தி, போல்ட்டைப் படுக்கையாகப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். நட்டும் கூடவே திரும்பும், நகராது. இப்போது விரலால் வெடுக்கென்று திருப்புங்கள். நட்டு பின்தங்கிவிடும், மரையில் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இதுதான் சேர்வது. அடுத்து போல்ட்டை அசையாமல் பிடித்து, முன்பு போல்ட்டைத் திருப்பிய அதே திசையில் நட்டைச் சுற்றுங்கள். திரும்பி வரும். இதுதான் விலகுவது.

எனக்கு ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது. துருப்பிடித்த போல்ட்டில் வராது. பெண்டிக்ஸிலும் அப்படித்தான். மரையில் அழுக்கும் துருவும் சேர்ந்தால் மோட்டார் மட்டும் ‘உய்ய்ங்’ என்று சுற்றும், பினியன் நகராது.

மூன்றாவது விடை: மோட்டாரே நகரட்டும்

சாமுவேல் ரஷ்மோர் என்ற அமெரிக்கர் வேறு மாதிரி யோசித்தார். பினியன் மட்டும் ஏன் நகர வேண்டும்? மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கு ஆர்மெச்சர் என்று பெயர். அதை ஒரு ஸ்பிரிங் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்திருக்கும். மின்சாரம் வந்ததும் காந்தப்புலம் ஆர்மெச்சரை உள்ளே இழுக்கும். இழுக்கும்போது அதோடு சேர்ந்து பினியனும் நகர்ந்து ரிங் கியரில் சேரும். இன்ஜின் ஓடியதும் மோட்டாருக்குப் பளு இல்லை, மின்னோட்டம் குறைகிறது, காந்தப் பிடி தளர்கிறது, ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1914-ல் ரஷ்மோரின் தொழிற்சாலையை வாங்கி இந்த வகையைச் செய்தது.

கைக்குப் பதில் ஸ்பிரிங்

பெண்டிக்ஸில் குறையே இல்லையா என்று டீச்சர் கேட்டார். இருக்கிறது.

முதலாவது, பினியன் சுழன்றுகொண்டே வேகமாக வந்து மோதுகிறது. அந்த அதிர்ச்சியைத் தாங்கத் தண்டுக்கும் மரைக்கும் நடுவில் தடித்த ஸ்பிரிங் ஒன்று வைத்தார்கள். ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி காருக்கு 1919-ல்தான் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது, அதிலும் பெண்டிக்ஸ்தான். அந்தக் காரில் தீப்பொறி நேரத்தை ஓட்டுபவரே ஒரு லிவரால் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் பின்பக்கம் உதைக்கும். முன்பு அந்த உதை மனிதர் கையில் விழுந்தது. இப்போது ஸ்பிரிங் மேல் விழுந்தது. ஸ்பிரிங் உடைந்தது.

நான் யோசித்துப் பார்த்தேன். உதை எங்கேயும் போகவில்லை. அதை வாங்கிக்கொள்ளும் பொருள்தான் மாறியிருக்கிறது. ஸ்பிரிங் உடைந்தால் கடையில் வேறு வாங்கலாம். அதனால்தான் இது பெரிய கண்டுபிடிப்பு.

இரண்டாவது, குளிரில் இன்ஜின் ஒரே ஒரு தரம் ‘டப்’ என்று எரிந்து நின்றுவிடும். அந்த ஒரு தரத்துக்கே பெண்டிக்ஸ் ஏமாந்து பினியனை வெளியே எறிந்துவிடும். அவசரப்பட்டு உடனே மறுபடி அழுத்தினால், இன்ஜின் இன்னும் ஆடி நிற்காதபோது பினியன் பாய்ந்து பல்லை உடைக்கும்.

இன்றைக்கு எப்படி?

இன்று கார், லாரிகளில் இருக்கும் செல்ஃப், முன்னால் சொன்ன விடைகளில் உள்ள நல்லதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தது. மோட்டார் முதுகில் சின்ன உருளை ஒன்று இருக்கும். அதன் பெயர் சோலினாய்டு, அதாவது மின்காந்தம். சாவி திருப்பினால் நடப்பவை:

1. மின்காந்தம் ஒரு இரும்புத் தண்டை இழுக்கிறது. அது லிவர் வழியாகப் பினியனை ரிங் கியருக்குள் தள்ளுகிறது.
2. பினியன் உள்ளே போன பிறகுதான் அதே இரும்புத் தண்டு பெரிய மின்தொடுப்பை மூடுகிறது. மோட்டாருக்கு முழு மின்சாரம் கிடைக்கிறது.
3. பல்லுக்குப் பல் முட்டினால்? நடுவில் உள்ள ஸ்பிரிங் அமுங்குகிறது, லிவர் மட்டும் போய் மின்தொடுப்பை மூடுகிறது. மோட்டார் இலேசாகத் திரும்பியதும் இடைவெளி எதிரே வர, ஸ்பிரிங் பினியனை உள்ளே தள்ளிவிடுகிறது. பல்லின் முனையையும் சரிவாகச் சீவியிருப்பார்கள்.
4. இன்ஜின் ஓடியதும் ஒருவழி கிளட்ச் வழுக்கிக்கொடுக்கும். சாவியை விட்டதும் ஸ்பிரிங் பினியனை வெளியே இழுக்கும். ஒருதரம் எரிந்து நின்றாலும் சாவியை விடும்வரை பினியன் வெளியே ஓடாது.

முதலில் சேர், பிறகு பலம் காட்டு. இந்த வரிசைதான் முக்கியம்.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்தது

மெக்கானிக் அண்ணன் ஒரு பழைய ஃப்ளைவீலைக் காட்டி, “பாப்பா, இதுல பல்லு எங்கெல்லாம் தேஞ்சிருக்குன்னு பாரு” என்றார். சுற்றிலும் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை. எதிர் எதிரே இரண்டே இடத்தில்தான் தேய்மானம்!

காரணம் கேட்டேன். அது நான்கு சிலிண்டர் இன்ஜின். நிறுத்தும்போது கடைசியாக வரும் காற்றழுத்தத்தைத் தாண்ட முடியாமல் இன்ஜின் நின்றுவிடும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை அழுத்தம் வரும். ஆகவே ஏறக்குறைய அந்த இரண்டு இடத்தில்தான் எப்போதும் நிற்கும். பினியன் அந்தப் பற்களையே தினமும் கடிக்கும். வண்டி செல்ஃப் எடுக்காதபோது கியரில் போட்டு இலேசாகத் தள்ளினால் சில சமயம் எடுப்பது இதனால்தான். தேயாத பல் எதிரே வந்துவிடும்.

தேய்ந்த வளையத்தை மட்டும் மாற்றலாம். வளையத்தைச் சூடாக்கினால் விரியும். அப்படியே ஃப்ளைவீல் மேல் போட்டால் ஆறியதும் இறுகப் பிடித்துக்கொள்ளும். நம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதும் இப்படித்தான். எங்க தாத்தாவுக்கு இது தெரியும். ரிங் கியர் என்ற பேர்தான் தெரியாது.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

• ‘டக்’ என்று மட்டும் கேட்டு ஒன்றும் சுழலவில்லை: பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது மின்தொடுப்பு தேய்ந்திருக்கலாம்.
• ‘உய்ய்ங்’ என்று மோட்டார் மட்டும் சுழல்கிறது: பினியன் சேரவில்லை, அல்லது ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது.
• ‘கரகர’ என்று பல் நறநறக்கிறது: பல் தேய்ந்திருக்கிறது, அல்லது இன்ஜின் ஓடும்போதே சாவி திருப்பிவிட்டார்கள்.

இன்ஜின் ஓடும்போது சாவியைத் திருப்பக் கூடாது. ஒரு தரம் எடுக்காவிட்டால் எல்லாம் நின்ற பிறகே மறுபடி திருப்ப வேண்டும். நீண்ட நேரம் விடாமல் திருப்பிப் பிடித்தால் மோட்டார் கருகிவிடும். அது சில நொடி தம் பிடிக்கும் மோட்டார்தான் என்று கெட்டரிங் கதையில் பார்த்தோம்.

ஆயில் இன்ஜின் உள்ள வீடுகளுக்கு

நம் பள்ளியில் நிறைய பேர் வீட்டில் ஆயில் இன்ஜின் இருக்கிறது. தயவுசெய்து இதை வீட்டில் சொல்லுங்கள்.

1. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால் உதைக்கும்போது கையை விட முடியாது. அந்தக் காலத்துக் கார் ஓட்டுநர்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.
2. நல்ல வேகம் வரும்வரை லிவரை விடக் கூடாது. உடம்பு முடியாத நாளில் சுற்றவே கூடாது.
3. ஹேண்டில் பள்ளத்தின் சாய்வு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டு முனையில் துரு இருக்கக் கூடாது. இன்ஜின் ஓடிய பிறகு ஹேண்டில் கழன்று வராவிட்டால் அதுவும் கூடவே சுழன்று அடிக்கும். அதன் எதிரே நிற்கக் கூடாது.
4. நம்மைப் போன்ற பிள்ளைகள் ஹேண்டிலைத் தொடவே வேண்டாம்.

மெக்கானிக் அண்ணன் வந்து எங்க ஹேண்டிலைப் பார்த்தார். சாய்வு பாதிக்கு மேல் மழுங்கியிருந்தது. அப்பா அதை வெல்டிங் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துவிட்டார். செல்ஃப் வைக்க முடியுமா என்றும் கேட்டேன். பல்வளையம், மோட்டார், பேட்டரி, சார்ஜ் ஏற்ற டைனமோ எல்லாம் வேண்டும், இப்போதைக்கு நம்மால் ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டார். கரண்ட் கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.

அப்பாவின் மணிக்கட்டு கூடிவிட்டது. ஆனால் முழுசாக மடங்காது. குடத்தை இடது கையால்தான் தூக்குகிறார். இப்போது ஹேண்டில் போடும்போது கட்டைவிரலை எங்கே வைக்கிறார் என்று நான் வரப்பில் நின்று பார்க்கிறேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டு விரலைச் சரியாக வைத்துக்கொள்கிறார்.

கேள்விகள் (விடைகள் கட்டுரைக்குள்ளேயே இருக்கின்றன)

1. பினியனில் 9 பல், ரிங் கியரில் 108 பல் இருந்தால் இன்ஜின் ஒரு சுற்று சுற்ற மோட்டார் எத்தனை சுற்று சுற்ற வேண்டும்?
2. பெண்டிக்ஸ் பினியன் தானே முன்னால் நகர எந்தப் பண்பு காரணம்?
3. சைக்கிளில் உள்ள எந்தப் பாகம் செல்ஃபிலும் இருக்கிறது?
4. நான்கு சிலிண்டர் இன்ஜினின் ரிங் கியர் ஏன் இரண்டு இடத்தில் மட்டும் தேய்கிறது?
5. ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும்?

விடைகளை வெள்ளிக்கிழமைக்குள் அறிவியல் டீச்சரிடம் கொடுக்கவும். ஐந்தாவது கேள்விக்கு மட்டும் வீட்டில் அப்பா, அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து எழுதவும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி